சக்கர நாற்காலியில் கட்டிய சிவப்பு நூல்

1

போன சனிக்கிழமை காலை இட்லிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஆரணியிலிருந்து தம்பி செந்தில் போன் செய்தான். அவன் கூப்பிட்டால் நலமா, அங்கே குளிரா என்றெல்லாம் கேட்கமாட்டான். நேராக விஷயத்துக்கு வந்துவிடுவான்.

"அக்கா, அவசரமா ஒரு இங்கிலீஷு வேணும்."

நான் இங்கிலாந்துக்கு வந்து இந்த மாதத்தோடு ஆறு வருடம் முடிகிறது. வடக்கே, மழையைத் தவிர வேறெதற்கும் பேர்போகாத ஒரு சிறிய ஊரில், முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸாக இருக்கிறேன். கணவரும் பதினொரு வயது மகள் நிவேதாவும் கூடவே இருக்கிறார்கள். ஆனால் தம்பியைப் பொறுத்தவரை நான் இங்கே பார்க்கிற ஒரே வேலை, அவனுக்கு வேண்டியபோது ஆங்கிலம் எடுத்துக் கொடுப்பதுதான். அவன் பட்டுப்புடவை வியாபாரி. ஆரணிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரான சேவூரில் பல வீடுகளில் அவனுக்காகத் தறி ஓடுகிறது.

"மும்பை பார்ட்டிக்கு அனுப்பினேன் இல்லக்கா, மாம்பழக் கலர் பொடவைங்க. மொத தண்ணியிலயே கரைச் சாயம் பொடவை ஒடம்புல ஏறிடுச்சாம். ஒரே பேஜாரு. அந்த ஆளு மெயில் மேல மெயிலா போட்டுகினே இருக்கிறாரு."

"தப்பு யாருதுடா?"

"நம்மளுதுதான். கல்யாண சீசனுக்குள்ள அனுப்பணும்னு ஜல்தி ஜல்தியா சாயம் போட்டோம். சரியா அலசல."

"அப்ப அதையே எழுது."

"ஐய, அது எதுக்கு? மன்னிப்பு கேட்ட மாதிரியும் இருக்கணும், தப்பு நம்மளுதுன்னு தெரியவும் கூடாது. உங்க ஊர்ல அந்த மாதிரி ஒரு இங்கிலீஷு இருக்குமே, அத்த அனுப்பு."

இருக்கிறது. எங்கள் ஊரில் அந்த மாதிரி ஆங்கிலம் கொட்டிக் கிடக்கிறது. அதை எழுத மறுத்ததற்காக நான் மூன்று மாதம் தண்டம் கட்டியவள். தம்பிக்கு அது தெரியாது. அந்த மூன்று மாதமும் என் மகளைத் தன் கடையில் உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டவன் அவன்தான். ஆனாலும் ஏன் என்று அவனிடம் நான் சொன்னதில்லை. மகளிடமும் சொன்னதில்லை.

சாயங்காலத்துக்குள் எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன். அரிசியை எத்தனை தண்ணீர் களைந்தேன் என்று மறந்துபோய் மறுபடியும் முதலிலிருந்து களைந்தேன்.

2

என் ஆங்கிலம் காது வழியாக வந்ததில்லை. விரல் வழியாக வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆரணி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், மாடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. பத்தாவது முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன். பழகக் கொடுப்பதெல்லாம் வியாபாரக் கடிதங்கள், விண்ணப்பங்கள். ‘தங்கள் மேலான கடிதம் கிடைக்கப்பெற்றோம்’, ‘தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்’, ‘தங்கள் விரைவான பதிலால் எங்களைக் கௌரவிக்க வேண்டுகிறோம்’. இதெல்லாம் ஆங்கிலத்தில், தப்பில்லாமல், மணி அடித்தால் வரி மாற்றி. அர்த்தம் பாதி புரியாது. ஆனால் பத்து விரலுக்கும் மனப்பாடம்.

அதற்குப் பிறகு சேவூரில் எங்கள் தெருவுக்கு நான்தான் மனு எழுதுகிறவள். மின்சார ஆபீஸ், தாலுகா ஆபீஸ், பள்ளிக்கூடத்துக்கு லீவ் லெட்டர், எதுவானாலும் வருவார்கள். என்னைவிட நன்றாக ஆங்கிலம் பேசியவர்கள் தெருவில் இருந்தார்கள். ஆனால் நான் எழுதினால் வாக்கியம் நீளமாக இருக்கும். எழுதி முடித்துப் படித்துக் காட்டினால், "இன்னும் ரெண்டு வரி கனமா போடும்மா" என்பார்கள். நானும் ‘கைண்ட்லி’ ஒன்றும் ‘மோஸ்ட் ரெஸ்பெக்ட்ஃபுல்லி’ ஒன்றும் சேர்ப்பேன். அவர்களுக்கு முகம் மலரும்.

இந்த ஆங்கிலத்தைக் கேலி செய்து பேசுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கேலி செய்யட்டும். தெள்ளார்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வருவார். சொந்தமாக ஒரு காணி நிலம் கிடையாது, வருடம் பூராவும் பிறர் வயலில் வேலை. ஆபீஸில் அவரை உட்காரச் சொன்னவர் யாருமில்லை. ஆனால் நான் டைப் அடித்துக் கொடுத்த ‘மேன்மை தங்கிய ஐயா’ காகிதத்தை நீட்டினால் அதன் மேல் முத்திரை விழும். அவர் நிமிர்ந்து நடந்து வெளியே வருவார். அந்த நீள வாக்கியம் அவருக்குக் கொடுத்த மரியாதையை வேறு யாரும் கொடுத்ததில்லை.

அப்புறம் வேலூரில் நர்சிங் படித்தேன், அங்கேயே ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தேன், கல்யாணம், குழந்தை. குழந்தைக்கு ஐந்து வயதாகும்போது இங்கிலாந்தில் நர்ஸுகள் தேவை என்றார்கள். விமானம் ஏறும்போது பெட்டியில் ஊறுகாய், புளிக்காய்ச்சல், மனதில் இந்த ஆங்கிலம். இரண்டும் அங்கே செல்லாது என்று விமான நிலையத்தில் யாரும் சொல்லவில்லை.

3

இங்கே வந்த நர்ஸுகள் உடனே நர்ஸாகிவிட முடியாது. ‘அடாப்டேஷன்’ என்று ஒன்று உண்டு. சில மாதங்கள் ஒரு முதியோர் இல்லத்தில் கண்காணிப்பில் வேலை செய்ய வேண்டும். கடைசியில் அந்த இல்லத்தின் மேலாளர், இவள் தேறிவிட்டாள் என்று கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் பதிவு எண். எண் வந்தால்தான் நிரந்தர வேலை, அது வந்தால்தான் கணவருக்கும் குழந்தைக்கும் விசா. பன்னிரண்டு வருடம் ஊசி போட்ட கையை, ஊசி பிடிக்கத் தெரியுமா என்று நான்கு மாதம் பார்ப்பார்கள். எனக்குக் கோபம் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

எங்கள் மேலாளர் பெயர் பார்பரா. கெட்டவர் இல்லை. ஆள் பற்றாக்குறையில் தானே வந்து பாத்திரம் கழுவுகிறவர். அவரிடம்தான் முதல் பாடம் படித்தேன். குளிர்சாதனப் பெட்டியின் கதவை எல்லோரும் திறந்தபடி விட்டுவிடுகிறார்கள் என்று, ‘கைண்ட்லி கதவை மூடவும்’ என ஒரு சீட்டு எழுதி ஒட்டினேன். சமையற்காரம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இந்த ஊரில் ‘கைண்ட்லி’ என்பது பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லும் வார்த்தையாம். ஆரணியில் தாசில்தாரையே இளக்கிய வார்த்தை இங்கே ஒரு சமையற்காரம்மாவைச் சண்டைக்கு இழுத்துவிட்டது.

இன்னொரு நாள் பார்பரா, "உனக்கு ஒரு நிமிஷம் கிடைக்கும்போது என் அறைக்கு வா" என்றார். நானும் ஒரு நிமிஷம் கிடைக்கட்டும் என்று டீ குடித்து, இரண்டு பேருக்குப் படுக்கை மாற்றி, அப்புறம் போனேன். அவர் முகம் சிவந்திருந்தது. ஒரு நிமிஷம் கிடைக்கும்போது என்றால் இப்போதே, ஓடி வா என்று அர்த்தம். இதை எந்த இன்ஸ்டிட்யூட்டிலும் டைப் அடிக்கச் சொல்லித் தரவில்லை.

வருத்தம் சொல்லும் வார்த்தைகளைப் படிக்கத்தான் அதிக நாளானது. ‘சாரி’ சில்லறை மாதிரி புழங்குவது. கடையில் ஒருவர் என் காலை மிதித்தால் அவரும் சொல்வார், நானும் சொல்ல வேண்டும். ‘ரிக்ரெட்’ தபாலில் வருவது. விசா இல்லை, வீடு இல்லை, வேலை இல்லை என்று வருகிற கடிதம் எல்லாம் அந்த வார்த்தையோடு வரும். யார் வருந்துகிறார்கள் என்று மட்டும் அதில் இருக்காது. ‘அபாலஜைஸ்’ அப்படியில்லை. அதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். நான் செய்தேன், அது தப்பு என்று ஒருவர் முன்னால் வந்து நின்றால்தான் அந்த வார்த்தை வாயில் வரும். அதனால்தான் எங்கள் இல்லத்தில் அதை யாரும் எழுதிப் பார்த்ததில்லை.

4

ஆர்தர் என்று ஒருவர் அங்கே இருந்தார். எண்பத்துமூன்று வயது, முன்னாள் பஸ் டிரைவர். சக்கர நாற்காலியில்தான் போவார், வருவார். என் பெயரை அரைகுறையாக உடைக்காமல், இரண்டு நாள் பழகி, ‘கோமதி’ என்று முழுசாகச் சொன்ன ஒரே ஆள் அவர். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு நாற்காலியின் இடது பிரேக்கைக் காட்டினார். போட்டாலும் சக்கரம் மெல்ல நழுவியது.

"பிரேக் பிடிக்காத வண்டியை நான் ஒரு நாளும் டிப்போவிலிருந்து எடுத்ததில்லை" என்றார்.

இல்லத்தில் ரிப்பேர் நோட்டு ஒன்று உண்டு. அதில் என் மொத்தத் திறமையையும் காட்டி எழுதினேன். ‘மேற்படி நாற்காலியின் இடது பிரேக் சம்பந்தமாகத் தங்கள் வசதிப்படி கருணையோடு பார்வையிட ஏற்பாடு செய்தால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.’ எங்கள் தாலுகா ஆபீஸாக இருந்தால் அன்றைக்கே ஆள் வந்திருக்கும். இங்கே ரிப்பேர்க்காரர் அதைப் படித்துவிட்டு, நம் வசதிப்படிதானே, அவசரமில்லை என்று பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

எழுதியதோடு நான் இன்னொன்றும் செய்தேன். அதற்கு எங்கள் வீட்டுத் தறியைச் சொல்ல வேண்டும்.

அப்பா நெய்வார். முடிந்த புடவையை மடித்து வியாபாரியிடம் கொண்டுபோவது அம்மா. மடிக்கும் முன் வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பாள். குறுக்கே ஓடும் ஊடை நூல் விட்டுப்போன இடம், எண்ணெய்ப் பொட்டு, எது கண்ணில் பட்டாலும் அதற்கு நேரே கரையோரத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுவாள். அப்பாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இன்னாத்துக்கு நீயே காட்டிக் குடுக்கிற? அவனுக்குக் கண்ணு இல்ல?"

"அவனா கண்டுபுடிச்சா மத்த பொடவையும் விரிச்சி விரிச்சிப் பாப்பான். நாமளா காட்டினா அதோட வுட்டுடுவான். நீ கம்முனு கெட."

இதில் பெரிய தர்மம் ஒன்றுமில்லை, வியாபாரத் தந்திரம்தான். ஆனால் பதினெட்டு வருடம் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் குறை என்றால் சிவப்பு நூல். யோசிக்காமலே, ஒரு பாட்டியம்மாவின் பின்னல் கூடையிலிருந்து சிவப்புக் கம்பளி நூல் ஒன்று வாங்கி ஆர்தரின் நாற்காலிக் கைப்பிடியில், இடது பக்கம், முடிச்சுப் போட்டேன். யார் தள்ளினாலும் கவனமாக இருக்கட்டும் என்று.

அடுத்த நாள் ஊழியர் அறையில் பார்பரா ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார். பிற நாட்டுச் சக ஊழியர்களின் மத நம்பிக்கைகளை நாம் மதிக்க வேண்டும், ஆகவே நாற்காலியில் கட்டியுள்ள நூலை யாரும் அவிழ்க்கக் கூடாது என்று அதில் இருந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அது சாமி கயிறு இல்லை, பிரேக் பிடிக்கவில்லை என்று அர்த்தம் என்று நான்கு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அவ்வளவு மரியாதையாக ஒட்டியிருக்கிறாரே, முகத்தில் அடித்த மாதிரி எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டேன். பத்தொன்பது நாள் அந்த நூல் அங்கே பக்தியோடு இருந்தது.

5

இருபதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை மதியம். நான் ஆர்தரின் அறையில் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக எதையோ பார்க்க, அவர் இரண்டு பிரேக்கையும் போட்டுவிட்டு நாற்காலிக் கையை ஊன்றி எழுந்தார். நாற்காலி இடது பக்கமாகப் பின்னால் நழுவியது. நான் இரண்டு எட்டில் இருந்தும் பிடிக்க முடியவில்லை. விழுந்ததில் அவர் மணிக்கட்டு முறிந்துவிட்டது. வலியில் அவர் கத்தவில்லை. "நான் சொன்னேன் இல்லையா" என்றுதான் சொன்னார்.

அவரை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டுச் சம்பவ அறிக்கை எழுத உட்கார்ந்தேன். விரல்கள் பழைய வாக்கியங்களுக்குப் போயின. எழுதினேன், கிழித்தேன். அப்புறம் வாழ்க்கையில் முதல் முறையாகச் சின்னச் சின்ன வாக்கியங்களில் ஆங்கிலம் எழுதினேன். ஆர்தர் பிரேக் போட்டார். இடது பிரேக் பிடிக்கவில்லை. நாற்காலி நழுவியது. அவர் விழுந்தார். நான் பார்த்தேன். பிரேக் கெட்டிருப்பதை மூன்று வாரம் முன்பு நோட்டில் எழுதினேன். யாரும் சரிசெய்யவில்லை. அவசரம் என்று புரியும்படி நான் எழுதவில்லை. நூலுக்கு என்ன அர்த்தம் என்றும் சொல்லவில்லை. அது என் தப்பு.

மறுநாள் காலை பார்பரா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தி, பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். அடுத்த வாரம் ஆய்வாளர்கள் வருகிற வாரம்.

"இது கொஞ்சம் பச்சையாக இருக்கிறது, கோமதி" என்றார். பிறகு ஒரு தாளை நீட்டினார். அவரே எழுதிவைத்திருந்தார். ‘எழ முயன்றபோது அவர் நிலை தடுமாறினார். இச்சம்பவம் வருந்தத்தக்கது.’

என்ன அழகான ஆங்கிலம். என் இன்ஸ்டிட்யூட் மாஸ்டர் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அதில் பிரேக் இல்லை, நோட்டு இல்லை, பார்பரா இல்லை, நானும் இல்லை. ஆர்தர் மட்டும் இருந்தார், தானாக விழுந்தவராக.

"அவர் தடுமாறவில்லை" என்றேன்.

"இது சும்மா ஒரு சொல்முறைதான். உன் தப்பு என்று எழுதியிருக்கிறாயே, அதையும் எடுத்துவிடலாம். உனக்கும் நல்லதுதான்."

"தப்பு நடந்திருக்கிறதே."

பார்பரா என்னையே பார்த்தார். பிறகு மெதுவாக, "ஆர் யூ ஷ்யூர் யூ வான்ட் டு புட் இட் லைக் தட்?" என்று கேட்டார். நிச்சயமாக இப்படித்தான் எழுதப் போகிறாயா என்று. ஒரு மாதம் முன்னால் கேட்டிருந்தால் அதைக் கேள்வி என்றே நினைத்திருப்பேன். இப்போது எனக்கு அந்த ஊர் ஆங்கிலம் கொஞ்சம் வந்திருந்தது. அவர் மேசையில் என் அடாப்டேஷன் பைல் கிடந்தது. கையெழுத்துப் போட இன்னும் பத்து நாள். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் அவர் சொல்லத் தேவையில்லை.

நான் கிளம்பிய பிறகு கணவரும் குழந்தையும் வேலூரிலிருந்து ஆரணிக்கு வந்திருந்தார்கள். விசாவை நம்பி அங்கே குழந்தைக்குப் பள்ளியில் டி.சி. வாங்கியாகிவிட்டது. கணவர் வேலையை விட்டுவிட்டார். ஒரு தாளை மாற்றி எழுதினால் போதும். எனக்கு அந்த மாதிரி எழுத வராது என்று சொல்ல முடியாது. உலகத்திலேயே எனக்கு நன்றாக வருவது அதுதான். தெள்ளார்க்காரருக்கு நான் எழுதிய நீள வாக்கியம் அவரை ஆபீஸுக்குள் கொண்டுபோய் நிறுத்தியது. இது ஒரு கிழவரின் வாயை அடைக்க வந்த நீள வாக்கியம். இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் ஒன்று அல்ல.

"யெஸ்" என்றேன். ‘யெஸ், மேடம்’ கூட இல்லை. பிஸ்கட் எடுக்காமல் எழுந்து வந்தேன்.

6

ஆய்வாளர்கள் வந்தார்கள், அறிக்கையைப் படித்தார்கள், நாற்காலிகளை எல்லாம் உருட்டிப் பார்த்தார்கள். ஏழு நாற்காலிகள் மாறின. ரிப்பேர் நோட்டில் ‘அவசரம்’ என்று ஒரு கட்டம் புதிதாக வந்தது.

என் பைலிலும் ஒரு கட்டம் நிரம்பியது. ‘எழுத்துத் தொடர்பில் பொருத்தமான நடையை இன்னும் வளர்த்துக்கொள்ள வேண்டும்.’ அடாப்டேஷன் மேலும் மூன்று மாதம் நீட்டிப்பு. படித்துப் பார்த்ததாகக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். அதன் கீழே, ‘படித்தேன், ஏற்கவில்லை’ என்று இரண்டு வார்த்தை சேர்த்தேன். பார்பரா வாங்கி வைத்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்து அவர்தான் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டு, நல்லபடியாக இரு என்று சொன்னபோது அவர் குரல் உண்மையாகத்தான் இருந்தது. மனிதர்கள் அப்படித்தான், ஒரே மாதிரியாக வெறுக்கக்கூட விடமாட்டார்கள்.

ஆர்தர் மாவுக்கட்டோடு திரும்பி வந்தார். புது நாற்காலியைச் சுற்றிப் பார்த்தார். "என் சிவப்பு நூல் எங்கே?" என்றார். அது குறை உள்ள சாமானுக்குக் கட்டுவது, இந்த நாற்காலிக்குத் தேவையில்லை என்று அப்போதாவது விளக்கினேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, மாவுக்கட்டுப் போட்ட கையை நீட்டினார். "அப்படியானால் எனக்குக் கட்டு."

கட்டினேன். கட்டும்போது அழுதுவிட்டேன்.

அந்த மூன்று மாதமும் ஆரணிக்குப் போன் செய்தால் நிவேதா எடுப்பாள். "எப்பம்மா ஃபிளைட்டு?" ஒரே கேள்வி. நான் ஒரே பதில் வைத்திருந்தேன். "பேப்பர் லேட்டாவுதுடி கண்ணு." டி.சி. வாங்கிய குழந்தையை மறுபடி வகுப்பில் உட்கார விடவில்லை. கணவர் மறுபடி கிடைத்த வேலைக்குப் போய்வந்தார். செந்தில்தான் தினம் அவளைக் கடைக்குக் கூட்டிப்போய்ப் புடவைக் கட்டின்மேல் உட்காரவைத்திருந்தான். அந்த மூன்று மாதத்தில் அவளுக்கு முன்பற்கள் இரண்டும் விழுந்தன. ஓட்டைப் பல்லோடு சிரிக்கிற என் மகளை நான் போட்டோவில்தான் பார்த்தேன். அந்த நஷ்டம் நஷ்டம்தான், அதை எந்த வார்த்தையிலும் சின்னதாக்க நான் தயாரில்லை.

7

போன சனிக்கிழமைக்கு வருகிறேன். மதியம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து தம்பிக்காகக் கடிதம் எழுதினேன். ‘தப்பு எங்களுடையது. சாயத்தைச் சரியாக அலசாமல் அனுப்பினோம். அதனால் கரைச் சாயம் புடவையில் கொஞ்சம் ஏறியிருக்கிறது. புடவைகளைத் திருப்பி எடுத்துக்கொள்கிறோம். அபாலஜைஸ் செய்கிறோம்.’

நிவேதா பின்னால் வந்து நின்று படித்தாள். அவள் வீட்டில் ஆங்கிலத்தில்தான் பேசுவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இரண்டு வருடமாக அப்படித்தான் போகிறது. பள்ளிக்கு நான் போனால்கூட, என்னைப் பேசவிடாமல் ஆசிரியரிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொல்கிறாள்.

"ரொம்ப மொட்டையாக இருக்கிறதே. மாமாவுக்கு இது பிடிக்காது" என்றாள்.

"பிடிக்காதுதான்."

"அப்புறம் ஏன் இப்படி எழுதுகிறாய்?"

அதற்குத்தான் ஆர்தரின் கதையைச் சொன்னேன். சிவப்பு நூல், பிரேக், பார்பராவின் அழகான தாள், மூன்று மாத நீட்டிப்பு. ஆர்தரின் மாவுக்கட்டுக்கு வந்தபோது அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"இரு. எந்த மூன்று மாதம்?"

நான் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நான் ஸ்கூலுக்குப் போகாமல் மாமா கடையில் உட்கார்ந்திருந்தேனே, அதுவா? பேப்பர் லேட் என்று சொன்னாயே?"

"ஆமாம்."

"நீ அந்த ஒரு தாளை மாற்றி எழுதியிருந்தால் நான் அப்போதே வந்திருப்பேனா?"

"வந்திருப்பே."

அவள் முகம் ஐந்து வயது முகமாகிவிட்டது. "நீ என்னை மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். தினமும் நினைத்தேன்."

பேப்பர் லேட். ஆறு வருடமாக நான் சொல்லிவந்த வாக்கியம். பேப்பர் தானாக லேட்டாகாது, ஆர்தர் தானாக விழாதது மாதிரி. பார்பராவின் தாளைத் தள்ளிவிட்டு வந்தவள், அதே மாதிரி ஒரு தாளை என் மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறேன். அந்தக் குறைக்கு மட்டும் நான் நூல் கட்டவில்லை.

தமிழில்தான் சொன்னேன், வருத்தத்தை மட்டும் அவள் மொழியில். எந்த வார்த்தை எதற்கு என்று பார்த்துத்தான் சொன்னேன்.

"நீ காத்துக்கிட்டு இருந்ததுக்கு ஐ ஆம் சாரி. உன்கிட்ட பொய் சொன்னதுக்கு ஐ அபாலஜைஸ். அந்த அறிக்கையை எழுதினதுக்கு ரெண்டும் இல்ல. இன்னொரு தடவை வந்தாலும் அதையேதான் எழுதுவேன்."

அவள் அழுதாள். நானும் அழுதேன். ஆனால் கடைசி வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவளும் கேட்கவில்லை. மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து இறங்கி வந்தாள். என்னை நகரச் சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கடிதத்தை மறுபடி படித்தாள். ஒரு இடத்தில் விரலை வைத்தாள். சாயம் ‘கொஞ்சம்’ ஏறியிருப்பதாக எழுதியிருந்தேன். தம்பி பாவம் என்று நானாகச் சேர்த்த வார்த்தை.

"கொஞ்சமா?" என்றாள்.

"இல்ல. பூராவும்தான்."

அவளுக்கு டைப்ரைட்டிங் தெரியாது. ஒற்றை விரலால் தட்டித் தட்டி அந்த வார்த்தையை அழித்தாள். தம்பிக்கு அனுப்பினாள்.

பத்தே நிமிஷத்தில் போன் வந்தது. "இன்னாக்கா இது! நான் இன்னா கேட்டேன், நீ இன்னா எழுதிக்கிற? இவ்ளோ நேரா சொன்னா அந்த ஆளு நம்மள..."

நான் வாயைத் திறக்கும் முன் நிவேதா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். புடவைக் கட்டின்மேல் உட்கார்ந்து கற்ற தமிழ் அவளிடம் அப்படியே இருந்தது.

"மாமா, நான் நிவி பேசறேன். ஒரு வார்த்த மாத்தாத. அப்டியே அனுப்பு."